பார்த்தே இராத பெரியம்மாவிடம் கலை படித்தவர் – தெரியுமா?

கோபிநத்தம் என்றதும் உங்களுக்கு என்ன நினைவு வருகிறது? ஒரு மீசை! ஒரு துப்பாக்கி! அதற்கு மேல் அந்த ஊரைப் பற்றி நாம் யோசித்ததே இல்லை. வீரப்பன் பிறந்த அந்தச் சிற்றூரிலிருந்து கிளம்பினால் மைசூர் அரண்மனை, பாரிஸ், புடாபெஸ்ட், கொச்சி என்று ஒரு சுற்று சுற்றி வரலாம், அதுவும் ஓவியத்தின் கையைப் பிடித்துக்கொண்டே வரலாம், தெரியுமா?

முதலில் ஊர்ப்பக்கத்துக் காவிரிக்குப் போவோம். ஒகேனக்கல் பரிசலில் ஏறியிருப்பீர்கள். சுழலுக்குப் பக்கத்தில் போனதும் அலறியும் இருப்பீர்கள். அந்தப் பரிசலைக் கொஞ்சம் கவிழ்த்துப் போட்டுப் பாருங்கள். மூங்கிலைப் பிளந்து பின்னிய ஒரு பெரிய கூடை. முன்பு அதன் அடியில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டித் தார் பூசுகிறார்கள். காட்டு மூங்கிலும் தொழிற்சாலை பிளாஸ்டிக்கும் தாரும் ஒன்றாகச் சேர்ந்து எட்டுப் பேரைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் போகின்றன! ஒன்றுக்கொன்று உறவே இல்லாத பொருள்களை இப்படிச் சேர்த்துக் கட்டி ஒரு காட்சிக்கூடத்தில் வைத்துவிட்டால் கலை உலகில் அதற்குப் பெயர் ‘அசெம்பிளேஜ்’.

பெயர்தான் புதிது. விஷயம் நம் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. நவராத்திரிக் கொலு வைத்திருக்கிறீர்கள் அல்லவா? படிக்கட்டுக்குக் கீழே மணலைக் கொட்டி ‘பார்க்’ அமைக்கும்போது கண்ணாடித் துண்டு குளமாகிறது. முளைவிட்ட கேழ்வரகு வயலாகிறது. அண்ணன் விளையாடி அலுத்துப் போட்ட பிளாஸ்டிக் லாரி பழநி மலை அடிவாரத்தில் நிற்கிறது. லாரியும் முருகனும் ஒரே காட்சியில்! யாரும் கேள்வி கேட்பதில்லை. மைசூர்ப் பக்கம் தசராவுக்கு வீட்டுக்கு வீடு பொம்மை வைப்பார்களே, அங்கும் இதே கதைதான்.

மேற்கே இந்த வேலை ‘கலை’ என்று பெயர் வாங்கியது எப்போது தெரியுமா? 1912-இல் பிக்காசோ ஓர் ஓவியத்தின் மேல் பிரம்பு நாற்காலிப் பின்னல் அச்சடித்த எண்ணெய்த்துணியை ஒட்டி, சுற்றிலும் சட்டத்துக்குப் பதில் கயிற்றைக் கட்டினார். அடுத்த வருடமே மார்செல் துஷாம் ஒரு சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி ஸ்டூலின் தலையில் நட்டுவைத்தார். அந்த 1913 ஜனவரி 30-ஆம் தேதிதான் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அப்பா, பஞ்சாபின் மஜீத்தியா பிரபுக் குடும்பத்தைச் சேர்ந்த உம்ராவ் சிங் ஷெர்கில். சமஸ்கிருதமும் பாரசீகமும் கற்றவர். அம்மா, ஹங்கேரியப் பாடகி மரி அந்துவானெட். குழந்தையின் பெயர் அம்ரிதா.

அம்ரிதா ஷெர்கில் 16 வயதில் பாரிஸுக்குப் போனார். 1932-இல் ‘இளம்பெண்கள்’ என்று ஓர் ஓவியம் தீட்டினார். அது பாரிஸின் கிராண்ட் சலூன் கண்காட்சியில் தங்கப் பதக்கம் பெற்றது. 1933-இல் அந்த அமைப்பு அவரைத் தன் உறுப்பினராகவும் சேர்த்துக்கொண்டது. அப்போது அவருக்கு வயது 20! ஓவியத்தில் இருப்பவர்கள் இருவர். ஒருவர் அம்ரிதாவின் தங்கை இந்திரா. இந்தத் தங்கையை மறந்துவிடாதீர்கள், பின்னால் வேலை இருக்கிறது.

1934-இன் கடைசியில் அம்ரிதா இந்தியா திரும்பினார். ஐரோப்பாவைப் பிக்காசோக்கள் பார்த்துக்கொள்ளட்டும், இந்தியா எனக்குத்தான் என்கிற தோரணை அவருக்கு. கர்வம் என்பீர்களா? வேலையைப் பார்த்தால் அந்தக் கர்வம் நியாயம் என்றே எனக்குத் தோன்றுகிறது. 1936 கடைசியில் தெற்கு நோக்கிக் கிளம்பினார். வழியில் அஜந்தா, எல்லோரா. பிறகு திருவனந்தபுரம், கன்னியாகுமரி, கொச்சி. கறுத்த உடம்பும் வெள்ளை வேட்டியும் செம்மண்ணும் அவர் கண்ணில் போய் உட்கார்ந்துகொண்டன. கொச்சி மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரோவியங்களின் முன்னால் உட்கார்ந்து பார்த்துப் பார்த்து வரைந்தார். ஊர் திரும்பியதும் 1937-இல் மூன்று பெரிய ஓவியங்கள் பிறந்தன: ‘மணமகள் அலங்காரம்’, ‘பிரம்மச்சாரிகள்’, ‘சந்தைக்குப் போகும் தென்னிந்தியக் கிராமத்தார்’. இந்திய நவீன ஓவியத்தின் உச்சங்கள் என்று இன்று சொல்லப்படுகிற மூன்றும் நம் பக்கத்து முகங்கள், தெரியுமா?

இங்கேதான் மைசூர் வருகிறது! அம்ரிதா தம் படங்களைத் தூக்கிக்கொண்டு சமஸ்தானம் சமஸ்தானமாகப் போனார். ஹைதராபாத்தில் சாலார் ஜங் அவர் படங்களைத் திருப்பி அனுப்பிவிட்டார். மைசூர் மகாராஜாவோ இவர் படங்களைப் பார்த்துவிட்டு, எனக்கு ரவி வர்மாவே போதும் என்று இருந்துவிட்டார் என்பது அம்ரிதாவின் வாழ்க்கையை எழுதியவர்கள் சொல்லும் கதை. மகாராஜாவைக் குறை சொல்லிப் பயனில்லை. மைசூர் ஜகன்மோகன் அரண்மனையின் கலைக்கூடத்துக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே ரவி வர்மாவின் பட்டும் நகையும் மினுமினுக்கும். அந்த மினுமினுப்பில் பழகிய கண்ணுக்கு, வாய் திறக்காமல் சோகமாக உட்கார்ந்திருக்கும் அம்ரிதாவின் பெண்கள் என்ன செய்ய முடியும்?

வேடிக்கை என்னவென்றால், இந்திய அரசு நாட்டைவிட்டு வெளியே விற்கக்கூடாத ‘கலைச் செல்வங்கள்’ என்று அறிவித்த படைப்புகளின் ஓவியர் வரிசையில் ரவி வர்மாவும் இருக்கிறார், அம்ரிதாவும் இருக்கிறார். ஒன்பது பேர் கொண்ட அந்த வரிசையில் ஒரே பெண் அம்ரிதாதான்!

இன்னொரு வேடிக்கை. மைசூர் மகாராஜா அம்ரிதாவின் படங்களை வேண்டாம் என்ற காலத்தில் கோபிநத்தம் அவருடைய ராஜ்ஜியத்திலேயே இல்லை, தெரியுமா? அந்த ஊர் அடங்கிய கொள்ளேகால் தாலுக்கா அப்போது சென்னை மாகாணத்தின் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. 1956 நவம்பரில் மாநிலங்களைப் பிரித்தபோதுதான் மைசூருக்குப் போனது. 1997-இல் மைசூர் மாவட்டத்தைப் பிரித்துச் சாமராஜநகர் மாவட்டம் உண்டானபோது அதற்குள் போனது. ஊர் நகரவே இல்லை. பலகை மட்டும் மாறிக்கொண்டே இருந்தது. தமிழ் பேசும் வீடுகள் இன்றும் அங்கே உண்டு.

கோயம்புத்தூர் என்றதும் இன்னொரு செய்தி. சென்னைக்குப் பக்கத்தில் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தை உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர் 1911-இல் பிறந்தது கோவையில்தான். ‘சொற்களும் குறியீடுகளும்’ என்ற அவருடைய ஓவிய வரிசையில் எழுத்து, கணக்கு, ஜாதகக் கட்டம் போன்ற கிறுக்கல்கள் துணி முழுக்க ஊரும். அவருடைய மகன் எஸ். நந்தகோபால் தூரிகையை விட்டுவிட்டுச் செம்புத் தகட்டையும் பித்தளையையும் வெட்டிப் பற்றவைத்து, முன்பக்கம் மட்டும் பார்க்கிற மாதிரியான உலோகச் சிற்பங்கள் செய்தார். அப்பா துணியில் சிதறவிட்ட குறியீடுகளை மகன் உலோகத்தில் கோத்துவிட்டார் என்றே எனக்குப் படும். இது தந்தை மகன் கதை. நம் கதை அதைவிட விசித்திரம், ஏனென்றால் இதில் குருவும் சீடனும் சந்திக்கவே இல்லை!

1941 டிசம்பர் 5-ஆம் தேதி லாகூரில் அம்ரிதா இறந்துபோனார். வயது 28. ஜன்னல் வழியாகத் தெரிந்த காட்சியைத் தீட்டிய ஓவியம் பாதியில் நின்றது. ஒன்றரை ஆண்டு கழித்து, 1943 மே 28 அன்று, சிம்லாவில் அவருடைய தங்கை இந்திராவுக்கு ஒரு மகன் பிறந்தான். பெயர் விவான் சுந்தரம்.

‘சுந்தரம்’ என்ற பெயர் காதில் விழுகிறதா? இந்திராவின் கணவர் தமிழர்! ஐ.சி.எஸ். அதிகாரி கே.வி.கே. சுந்தரம். சுதந்திர இந்தியாவின் இரண்டாவது தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்தான்; 1958 முதல் 1967 வரை. அண்ணா ஆட்சியைப் பிடித்த அந்த 1967 தேர்தலை நடத்திய ஆணையத்தின் தலைவருடைய மகன்தான் பிற்காலத்தில் பழைய செருப்பையும் டிரங்குப் பெட்டியையும் பொறுக்கிக்கொண்டு வந்து கலைக்கூடத்தில் அடுக்கினார். சீக்கிய தாத்தா, ஹங்கேரியப் பாட்டி, தமிழ் அப்பா. இந்தக் குடும்பமே ஓர் அசெம்பிளேஜ் என்று நான் சொன்னால் மறுப்பீர்களா?

விவான் ஓவியம் படித்தது பரோடாவில். சேர்ந்த ஆண்டு 1961. அதே 1961-இல் நியூயார்க்கின் நவீன கலை அருங்காட்சியகத்தில் ‘அசெம்பிளேஜ் கலை’ என்ற பெயரிலேயே ஒரு பெரிய கண்காட்சி நடந்தது. குப்பைக்கும் கலைக்கும் நடுவில் இருந்த கோட்டை அழித்த கண்காட்சி அது. தற்செயல்தான், ஆனாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது! பிறகு 1966-இல் லண்டன் ஸ்லேட் கலைப்பள்ளி. அங்கே ஆர்.பி. கிட்டாஜ் என்ற ஓவியர் அவருக்கு ஆசிரியர். 1968-இன் மாணவர் கலவரங்களில் விவானும் தெருவில் இறங்கினார். ஊர் திரும்பிய பிறகும் இருபது வருடம் ஒழுங்காக எண்ணெய் ஓவியந்தான் தீட்டிக்கொண்டிருந்தார். 1991 வளைகுடாப் போரின்போது என்ன செய்தார் தெரியுமா? வண்டிக்கு ஊற்றும் எஞ்சின் ஆயிலையும் கரியையும் எடுத்துக் காகிதத்தில் படம் போட்டார். எண்ணெய்க்காக நடந்த போருக்கு எண்ணெயிலேயே ஓவியம்! அதன்பின் துணிச்சட்டத்தின் பக்கம் அவர் பெரிதாகத் திரும்பவில்லை.

சரி, இதில் பெரியம்மா எங்கே வருகிறார்? ஆமாம், பெரியம்மாதான். அம்மாவுக்கு அக்கா அல்லவா? ஆங்கிலத்தில் எல்லாரையும் ஒரே சொல்லில் அடைத்துவிடுவார்கள். நமக்கு அந்தக் கஷ்டம் இல்லை.

ஓர் ஓவியரின் செல்வாக்கு இன்னொருவர் மேல் விழுந்தது என்றால் நாம் என்ன தேடுவோம்? அதே நிறம், அதே முகச்சாயல், அதே கோடு. விவானிடம் அப்படித் தேடினால் ஏமாந்துபோவீர்கள். அவர் பெரியம்மா மாதிரி வரைய முயலவே இல்லை. அவருக்குக் கிடைத்த சொத்து வேறு: பெட்டிகள்! கடிதங்கள், புகைப்படங்கள், சில்லறைச் சாமான்கள்.

தாத்தா உம்ராவ் சிங்குக்குப் புகைப்படப் பைத்தியம். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே கேமராவைத் தூக்கியவர். இன்று நாம் செல்ஃபி எடுக்கிறோமே, அவர் அன்றே தம்மைத் தாமே எடுத்துக்கொண்டார். யோகாசனம் போட்டு ஒன்று, தாடியை அவிழ்த்துவிட்டு ஒன்று, புத்தகங்களுக்கு நடுவே ஒன்று. மனைவி, மகள்கள், வீடு, பாரிஸ், சிம்லா என்று எடுத்துத் தள்ளிக்கொண்டே இருந்தார். மகள் உலகப் புகழ் பெறப்போகிறாள் என்று தெரிந்தோ தெரியாமலோ அவளுடைய வாழ்க்கை முழுவதையும் படமாக்கி வைத்துவிட்டார்.

ஆனால் இதே வீட்டில் ஒரு தீயும் எரிந்தது தெரியுமா? அம்ரிதாவும் ஜவாஹர்லால் நேருவும் சிலகாலம் கடிதம் எழுதிக்கொண்டார்கள். 1938-இல் அம்ரிதா ஹங்கேரிக்குப் போய்த் தம் தாய்வழி உறவினரான விக்டர் ஏகனைக் கல்யாணம் செய்துகொண்டார். அவர் ஊரில் இல்லாத அந்தச் சமயத்தில் பெற்றோர் அந்தக் கடிதங்களைக் கொளுத்திவிட்டார்கள்! படத்தையெல்லாம் பத்திரப்படுத்திய வீட்டிலேயே கடிதங்கள் சாம்பலாயின. எத்தனை வரலாறு போயிற்றோ!

அந்தச் சாம்பலுக்குப் பதில் சொன்னதுபோல, தப்பிப் பிழைத்த கடிதங்களையும் எழுத்துகளையும் வருடக்கணக்காகத் தொகுத்து, குறிப்பு எழுதி, 2010-இல் இரண்டு பெரிய தொகுதிகளாக வெளியிட்டவர் விவான்தான். சிற்பம் செய்கிறவர் ஏன் பதிப்பாசிரியர் வேலை பார்க்கிறார் என்று கேட்கலாம். எனக்கு அந்தப் புத்தகமும் அவருடைய அசெம்பிளேஜ்களில் ஒன்று. துண்டு துண்டாகக் கிடந்ததை எடுத்து, எதற்குப் பக்கத்தில் எது இருக்க வேண்டும் என்று முடிவுசெய்வதுதானே இரண்டிலும் வேலை?

1983, 84 வாக்கில் விவான் ‘ஷெர்கில் குடும்பம்’ என்று ஓர் எண்ணெய் ஓவியம் தீட்டினார். பிறகு 1995-இல் ‘ஷெர்கில் ஆவணக்காப்பகம்’. இம்முறை தூரிகை இல்லை. குடும்பப் புகைப்படங்களையும் கடிதங்களையும் நினைவுப் பொருள்களையும் பெட்டிகளில் வைத்து ஒரு நிறுவல் கலைப் படைப்பாக்கினார். அதை எங்கே கொண்டுபோய்க் காட்டினார் தெரியுமா? அம்ரிதா பிறந்த அதே புடாபெஸ்டில்!

2001-இல் இன்னும் ஒரு படி மேலே போனார். ‘அம்ரிதா: மறுபடியும் எடுத்த படம்’ என்று அந்த வரிசையின் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். தாத்தா எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்களைக் கணினியில் ஏற்றினார். பாரிஸ் அறையில் இருந்த அம்ரிதாவை எடுத்துச் சிம்லா வீட்டுக்குள் வைத்தார். கண்ணாடிக்குள் இன்னொரு அம்ரிதா. அப்பாவுக்குப் பக்கத்தில் மகள், மகளுக்குப் பக்கத்தில் அவளே தீட்டிய ஓவியம். முப்பது வருட இடைவெளியில் எடுத்த முகங்கள் ஒரே அறையில் பேசிக்கொள்கிற மாதிரி இருக்கும். ஒட்டிய இடம் தெரியாது! போட்டோ ஸ்டூடியோக்களில் இறந்துபோன தாத்தாவைப் பேரனின் கல்யாணப் படத்தில் சேர்த்துத் தருவார்களே, அதேதான். ஆனால் அங்கே ஆசைக்குச் செய்வதை இவர் விசாரணையாகச் செய்தார்: இந்தக் குடும்பத்தில் யார் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்? மகளை அப்பா எப்படிப் பார்த்தார்? கேமராவை அவள் எப்படித் திருப்பிப் பார்த்தாள்?

இப்படி ஒரு கலைஞர் இன்னொருவரின் வேலையைப் பார்த்துப் பெட்டிக்குள் போனது அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது. ஜோசப் கார்னெல் என்பவர் நியூயார்க்கில் ஒரு வீட்டில் உட்கார்ந்துகொண்டு சின்னச் சின்ன மரப்பெட்டிகளுக்குள் பொம்மை, வரைபடம், பறவைப் படம், கண்ணாடிக் குப்பி என்று அடுக்கி உலகங்கள் செய்தார். பிரெஞ்சு விடுதிகளின் பெயரையெல்லாம் பெட்டிகளில் ஒட்டுவார். ஆனால் அமெரிக்காவைத் தாண்டி ஒரு நாளும் போனதில்லை! 1967-இல் கலிஃபோர்னியாவின் பாசடீனா அருங்காட்சியகத்தில் அவருடைய பெட்டிகளைப் பார்த்தார் பெட்டி சார் என்ற கறுப்பினப் பெண் கலைஞர். (ஆமாம், அவர் பெயரே பெட்டிதான். தமிழில் வாய்த்த சிரிப்பு இது.) ஐந்து வருடம் கழித்து, கறுப்பினப் பெண்களைச் சமையற்காரியாகவே காட்டிவந்த ஒரு மாவுப் பாக்கெட் பொம்மைக்குக் கையில் துப்பாக்கி கொடுத்துப் பெட்டிக்குள் நிறுத்தினார். உலகம் திரும்பிப் பார்த்தது. கார்னெலிடம் அவர் வாங்கிக்கொண்டது பெட்டியை. உள்ளே வைத்த கோபம் அவருடையது.

விவானின் கோபமும் அப்படித்தான். 1992, 93 பம்பாய்க் கலவரத்தின்போது தெருவில் அநாதையாகக் கிடந்த ஒரு பிணத்தைப் பத்திரிகைப் புகைப்படக்காரர் ஹோஷி ஜால் படமெடுத்திருந்தார். அந்த ஒரே ஒரு படத்தை எடுத்து, அதன்மேல் ஆணிகளை அடித்து, தகர டிரங்குப் பெட்டிகளால் வாயில் கட்டி, ஒரு முழு நினைவிடமே அமைத்தார் விவான். 1993-இல் செய்த ‘நினைவகம்’ என்ற அந்தப் படைப்பு இன்று லண்டன் டேட் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. பெரியம்மாவின் படங்களைப் பெட்டியிலிட்ட கைகளுக்கு முன்பின் தெரியாத ஒருவரின் கடைசிப் படத்தையும் கௌரவமாக வைக்கத் தெரிந்திருந்தது.

அதற்கு அடுத்த ஆண்டு ‘வீடு’. கையால் செய்த காகிதத்தில் சுவர் எழுப்பினார். காந்தியின் சபர்மதி ஆசிரமத்தில் தயாராகும் ‘கலம்குஷ்’ காகிதம் அது. இதே ஆசிரமத்தின் காகித ஆலைக்கு 1975-இல் வந்து தங்கி வேலை செய்து போன ஒரு வெளிநாட்டுக்காரர் யார் தெரியுமா? அசெம்பிளேஜ் உலகத்தின் பெரும்புள்ளி, ராபர்ட் ரௌஷன்பெர்க்! பாடம் செய்த ஆட்டையும் டயரையும் சேர்த்து ஓவியம் செய்த மனிதர் காந்தி ஆசிரமத்தில் காகிதக் கூழ் பிசைந்தார் என்றால் நம்பித்தான் ஆகவேண்டும்.

1998-இல் கல்கத்தா விக்டோரியா நினைவு மண்டபம். பிரிட்டிஷ் ராணியின் பளிங்கு மாளிகைக்குள் சணல் சாக்குகளையும் தண்டவாளத்தையும் கொண்டுபோய் இறக்கி வங்காளத்தின் வரலாற்றைச் சொன்னார். 2005-இல் ‘12 படுக்கை வார்டு’. பன்னிரண்டு இரும்புக் கட்டில்கள். மெத்தை இருக்க வேண்டிய இடத்தில் தேய்ந்துபோன செருப்பு, ஷூக்களின் அடிப்பாகங்கள்! மங்கிய விளக்கு. யார் யார் நடந்து தேய்த்த செருப்போ, இப்போது அவர்கள் படுத்திருக்கிற மாதிரி கிடக்கின்றன.

அப்புறம் குப்பை. டில்லியில் குப்பை பொறுக்குகிறவர்களோடு சேர்ந்து வேலை செய்து, ஸ்டூடியோ தரை முழுக்கக் குப்பையிலேயே ஒரு நகரத்தைக் கட்டிப் படம் எடுத்தார். பிளாஸ்டிக் பாட்டில்களால் தெப்பம் கட்டி யமுனையில் மிதக்கவிட்டார். ஒகேனக்கல் பரிசல்காரர் பார்த்திருந்தால் இரண்டு யோசனை சொல்லியிருப்பார்! 2011-இல் மருத்துவமனைப் பொருள்களையும் கழிவையும் கொண்டு உடைகள் தைத்து மனிதர்களுக்கு மாட்டி நடக்கவிட்டார். அந்த உடைகள் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை. கொஞ்சம் வேடிக்கைக் காட்சியாகப் போய்விட்டது என்பது என் எண்ணம்.

ஆனால் அடுத்து வந்தது இருக்கிறதே! முசிறி நமக்குத் தெரியும். யவனர் கப்பல் வந்து மிளகு ஏற்றிப்போன துறைமுகம். அகநானூற்றின் 149-ஆம் பாட்டில் வருகிறது. கேரளத்தின் பட்டணம் என்ற ஊரில் 2007 முதல் அகழாய்வு நடந்தது. அதுதான் முசிறி என்று ஆய்வாளர்கள் பலர் சொல்கிறார்கள். தோண்டத் தோண்டப் பானை ஓடுகள். ஆய்வுக்குத் தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தை ஒதுக்கிவைத்திருந்தார்கள். ஈராயிரம் ஆண்டு பழைய குப்பை! விவானுக்கு அது போதாதா? 2012-இல் முதல் கொச்சி முசிறி பினாலேயில், ஆஸ்பின்வால் மாளிகையில், அந்த ஓடுகளைக் கொண்டே தரையில் ஒரு நகரத்தை எழுப்பினார். மிளகைத் தூவினார். தண்ணீரைத் திறந்துவிட்டு, நகரம் மூழ்குவதைப் படம்பிடித்தார். பெயர் ‘கறுப்புத் தங்கம்’. வேறெந்தக் கலைஞரிடம் இந்த ஓடுகள் போயிருந்தாலும் கண்ணாடிப் பெட்டிக்குள் அழகாக வைத்து முடித்திருப்பார். இவர் அவற்றை மறுபடி ஊராக்கி மறுபடி வெள்ளத்தில் விட்டார். விவானின் ஆகச் சிறந்த வேலை இதுதான் என்று நான் அடித்துச் சொல்வேன்.

இப்போது கணக்குப் போடுங்கள். 1937-இல் கொச்சிக்கு வந்து மட்டாஞ்சேரி அரண்மனைச் சுவரை அண்ணாந்து பார்த்து வரைந்தார் பெரியம்மா. 2012-இல் அதே கொச்சியில், அங்கிருந்து ஆட்டோவில் கொஞ்ச தூரத்தில், தரையைக் குனிந்து பார்த்து ஓடு அடுக்கினார் மகன். சரியாக 75 வருடம்! இருவரும் கையிலெடுத்தது பழைய காலம் விட்டுப்போன துண்டுகளைத்தான்.

அம்ரிதாவும் ஒட்டுவேலைக்காரர்தானே, யோசித்துப் பாருங்கள்? பாரிஸில் கோகானிடம் எடுத்துக்கொண்ட வண்ணம், அஜந்தாவில் எடுத்துக்கொண்ட உடல் வடிவம், மட்டாஞ்சேரியில் எடுத்துக்கொண்ட நெருக்கம், பின்னாளில் மொகலாய, பஹாடிச் சிற்றோவியங்களில் எடுத்துக்கொண்ட அடுக்கு. எல்லாவற்றையும் தையல் தெரியாமல் ஒரே துணியில் சேர்த்தார். விவான் அந்தத் தையலை வெளியே தெரியவிட்டார். என் கண்ணுக்கு இருவரிடமும் தெரிகிற வித்தியாசம் அவ்வளவுதான்.

இன்னும் சில துணுக்குகள், மூச்சு வாங்கிக்கொண்டு! விவானின் தங்கை நவீனா ஜெர்மனித் தொலைக்காட்சியில் பணியாற்றியவர். அவரும் பெரியம்மாவைப் பற்றி ஒரு படம் எடுத்தார். சல்மான் ருஷ்டியின் ‘மூரின் கடைசிப் பெருமூச்சு’ நாவலில் வருகிற ஓவியர் அரோரா, கொச்சிக்காரி, அவளுக்கு ஒரு மூலம் அம்ரிதாதான். மும்பை அருங்காட்சியகத்தில் 2017-இல் கப்பல் வடிவில் ஓர் உலோகக் கூடு கட்டி 1946 கடற்படைக் கிளர்ச்சியை ஒலியால் சொன்னதும் விவான். அம்ரிதாவின் ‘மலைப் பெண்கள்’ 1978-இல் தபால்தலையாக வந்தது. பழைய கடிதங்கள் இருந்தால் ஒட்டியிருக்கிறதா என்று புரட்டிப் பாருங்கள்.

விவான் சுந்தரம் 2023 மார்ச் 29 அன்று டில்லியில் காலமானார். அதே வருடம் செப்டம்பரில் அம்ரிதாவின் ‘கதைசொல்லி’ ஏலத்துக்கு வந்தது. தெற்கிலிருந்து திரும்பிய அதே 1937-இல் தீட்டியது. எவ்வளவுக்குப் போனது தெரியுமா? 61 கோடியே 80 லட்சம் ரூபாய்! அதுவரை எந்த இந்திய ஓவியத்துக்கும் ஏலத்தில் கிடைக்காத தொகை. 2025-இல் ஹுசேன் ஓவியம் ஒன்று அதை முந்தும்வரை அதுவே உச்சம். விற்காத படங்களைச் சுமந்துகொண்டு சமஸ்தானங்களைச் சுற்றியவரின் ஓவியம் அது. மைசூர் மகாராஜா அன்று ஒன்றே ஒன்று வாங்கி ஜகன்மோகன் அரண்மனைச் சுவரில் மாட்டியிருந்தால், கோபிநத்தத்துக்காரர்கள் தசராவுக்குப் போனபோது போகிறபோக்கில் பார்த்துவிட்டு வந்திருக்கலாம். இப்போது டில்லி ஜெய்ப்பூர் ஹவுஸில் உள்ள தேசிய நவீன கலைக்கூடத்துக்குத்தான் போக வேண்டும்.

பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் என்று கூவிக்கொண்டு வருகிறவர் உங்கள் தெருவுக்கு இன்னமும் வருகிறாரா? அடுத்த முறை பாட்டியின் டிரங்குப் பெட்டியை அவரிடம் எடைக்குப் போடும் முன்னால் ஒரே ஒரு தடவை திறந்து பாருங்கள்.